பழகிய பிள்ளை திரும்ப நனைத்தால்

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் வருகிறவள் நான். தடுப்பூசி அட்டையைப் பார்த்து முடித்து நான் கிளம்பும்போது, வாசல் வரைக்கும் கூடவே வந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் தாய்மார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, மூணு வயசுலயே ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் சொல்லிட்டுப் போன பய. இப்ப ஒரு மாசமா டவுசர்லயே போறான். வேணும்னே பண்றானா?"

இல்லை தாயி. எந்தப் பிள்ளையும் இதை வேண்டுமென்று பண்ணுவதில்லை.

பழகின பழக்கம் கொஞ்ச நாள் கைவிட்டுப் போவது நிறையப் பிள்ளைகளுக்கு நடப்பதுதான். தம்பி, தங்கச்சி பிறந்தால் நடக்கும். வீடு மாறினால், அங்கன்வாடியில் புதிதாகச் சேர்த்தால், காய்ச்சலில் கிடந்து எழுந்தால் நடக்கும். நம் பக்கத்துக்கென்று இன்னும் சில காரணங்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பா 61 நாள் வீட்டோடு இருக்கிறார். பிள்ளை அவர் மேல் காலைப் போட்டுத் தூங்கிப் பழகிவிடுகிறது. படகு கடலுக்கு இறங்கியதும் ராத்திரியில் அப்பா இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் இருக்கிற வாப்பா லீவு முடிந்து விமானம் ஏறினாலும் இதேதான். தொழிலுக்குப் போன தகப்பனை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியவர்கள் அழுகிறோம், ஆபீஸ் ஆபீஸாக மனுவோடு அலைகிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாது. பாயை நனைக்கும்.

ஆனாலும் மனசுக்குள் காரணம் தேடுவதற்கு முன்னால் வயிற்றைப் பாருங்கள் என்பேன். இதை அழுத்திச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். நான் பார்க்கிற பிள்ளைகளில் பல பேருக்கு மலச்சிக்கல்தான் மூலகாரணம், வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. "எப்படிப் போறான்?" என்று கேட்டால், "போகாம என்னக்கா, தண்ணியாட்டம் டவுசர்ல ஒழுகுது" என்கிறார்கள். பேதி என்று நினைத்து மாதுளந்தோல் கஷாயம் கொடுத்து, இன்னும் கட்ட வைத்திருப்பார்கள்.

நடப்பது இதுதான். என்றைக்கோ ஒருநாள் கட்டியாகப் போய், வலித்து, லேசாக ரத்தம்கூட வந்திருக்கும். அன்றைக்கே பிள்ளை 'இனிமேல் போகக் கூடாது' என்று முடிவு பண்ணிவிடும். கவனித்துப் பாருங்கள்: குடத்துக்குப் பின்னாலோ கதவு மறைவிலோ போய் நிற்கும். ரெண்டு காலையும் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க நிற்கும். "பாவம், முக்குறான்" என்பார் அப்பத்தா. முக்கவில்லை, வருவதை வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அது இன்னும் கெட்டிப்படும். பழைய டவுசரின் எலாஸ்டிக் மாதிரி மலக்குடல் விரிந்து தளர்ந்துபோகும். விரிந்துவிட்டால் 'வருகிறது' என்ற உணர்ச்சியே மங்கிவிடும். அப்புறம் மேலேயிருந்து வருகிற இளகின மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசியும். அது கசிவது பிள்ளைக்கே தெரியாது. உள்ளே தங்கியது முன்பக்கத்துச் சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால், ஒண்ணுக்கும் அடக்க முடியாமல் போகும். தெரியாமல் நடந்ததற்கு அடி வாங்குகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சூடு வைப்பேன் என்று கரண்டியைக் காட்டுகிற வீட்டையும் பார்த்திருக்கிறேன். பயந்த பிள்ளை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும்.

நம் கடற்கரையில் இதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். பல ஊர்களில் கிணறு, போர் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். கை நழுவி ஒரு சொம்பைக் கவிழ்த்தாலே பிள்ளைக்குத் திட்டு விழுகிறது. கடல்பாசி எடுக்க விடியுமுன்னே கிளம்புகிற தாய்க்குப் பிள்ளையை உட்கார வைக்கவும் நேரமில்லை. மிச்ச நேரத்துக்கு டீயும் பிஸ்கட்டும் பாக்கெட் மிக்சரும். பிள்ளைக்கென்று தனி பாட்டில் வைத்து, சாயங்காலத்துக்குள் அது காலியாகிறதா என்று பாருங்கள். பப்பாளி, கொய்யா, முருங்கைக்கீரை கொடுங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்குப் பாலைக் குறையுங்கள்.

கக்கூஸையும் ஒருதடவை பிள்ளையின் கண்ணால் பாருங்கள். தூய்மை இந்தியா திட்டத்தில் நிறைய வீடுகளுக்கு வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் உள்ளே பல்பு இல்லை, மூலையில் பழைய வலை, ஐஸ் பெட்டி. பிள்ளையின் காலுக்கு அந்தப் பீங்கான் அகலம். விழுந்துவிடுவோம் என்று பயம். அதற்காகப் பழையபடி கடற்கரை மணலுக்கு அனுப்பாதீர்கள், புழுத் தொல்லை அங்கிருந்துதான் தொடங்கும். பல்பு போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், கூடவே நில்லுங்கள். அதற்கும் பயந்தால், கைக்குழந்தையாக இருந்தபோது செய்த மாதிரி உங்கள் காலிலேயே கொஞ்ச நாள் உட்கார வையுங்கள். பெரிய பிள்ளையாயிற்றே என்று யோசிக்க வேண்டாம்.

சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் குடல் தானாக வேலை செய்யும். காலையில் சாப்பாடு முடிந்ததும் ஐந்து, பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். போனாலும் போகாவிட்டாலும் எழுப்பிவிடுங்கள். உட்கார்ந்ததற்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். டவுசர் நனைந்திருந்தால், "பரவாயில்லடா, வா கழுவிக்கலாம்", அவ்வளவு போதும்.

ஏற்கெனவே உள்ளே கட்டிவிட்டது என்றால் பழமும் கீரையும் மட்டும் பத்தாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தை இளக்கும் சிரப் தருவார். ரெண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், டாக்டர் சொல்லும்வரை கொடுக்க வேண்டும். "மருந்துக்கே பழகிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஆசனவாயில் வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்த வலிக்குப் பயந்து அடக்குகிறதோ, அதையே நாமும் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ராத்திரியில் நனைப்பது ஐந்து வயது வரைக்கும் சாதாரணம். சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போகும்போது எரிகிறது என்றாலோ, கூடவே காய்ச்சல் இருந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி ஒண்ணுக்குப் போய், உடம்பும் இளைத்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வரும். நடை தடுமாறினால், கால் பலம் குறைந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு நடுங்கினாலோ, அந்தரங்க இடத்தைத் தொடவே விடாமல் அலறினாலோ, பிள்ளை சொல்வதை நம்பிக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரமும் உதவி கேட்கலாம்.

அங்கன்வாடிக்கு அனுப்பும்போது பையில் மாற்று டவுசர் ரெண்டு வைத்து விடுங்கள். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள், மற்ற பிள்ளைகள் காதில் விழ வேண்டாம். தண்ணீர் பாட்டில் காலியாகித் திரும்பியதா என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள். வணக்கம்.