பார்த்ததைத்தான் சொல்லும்

வணக்கம். ஒரு கணக்கோடு தொடங்கிவிடுகிறேன். செம்பைச் சூடாக்கும்போது உள்ளே அணுக்கள் என்ன செய்கின்றன என்று கணினியில் பார்க்க வேண்டும். அவற்றின் துடிப்பைத் தவறவிடாமல் இருக்க, ஏறக்குறைய ஃபெம்டோ நொடிக்கு (நானோ நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு) ஒரு தடவை ஒவ்வோர் அணுவின் மீதுள்ள விசையையும் கணக்கிட்டு அதை இம்மியளவு நகர்த்த வேண்டும். ஒரு நானோ நொடியை, அதாவது நொடியின் 100 கோடியில் ஒரு பங்கைக் கடக்கவே 10 லட்சம் தடவை.

விசைக்கு எங்கே போவது? ஹோஹென்பெர்க், கோன், ஷாம் மூவரும் 1964-65இல் அடித்தளம் போட்ட குவாண்டம் முறை நம்பகமானது. ஆனால் அணுக்களை இரண்டு மடங்காக்கினால் வேலை எட்டு மடங்கு ஆகிறது. சில நூறு அணுக்களிலேயே மூச்சு வாங்கும். 1984இல் டாவும் பாஸ்கஸும் தந்த வகைச் சூத்திரங்களோ கோடி அணுக்களுக்கும் அசராது. சூத்திரம் எளிது; உலோகம் எளிதில்லையே! இரும்பின் படிகத்தில் திருகு வடிவக் குறை ஒன்று அடுத்த வரிசைக்கு நகர ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்டினால் போதும் என்கிறது குவாண்டம் கணக்கு. பழைய சூத்திரங்கள் சில இரண்டு மேடுகளைக் காட்டின. இரும்பு வளைவதே அந்தக் குறைகள் நகர்வதால்தான்.

2007இல் பேலரும் பரினெல்லோவும் நடுவழி ஒன்றைக் காட்டினார்கள். மொத்த ஆற்றலை அணுவுக்கு அணு பிரித்துக்கொள். ஒவ்வொன்றின் பங்கும் அதன் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. அந்த உறவைக் குவாண்டம் கணக்குகளிலிருந்து நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) கற்றுக்கொள்ளட்டும். அவர்கள் செய்து காட்டியது சிலிக்கனில். அலாய் எனப்படும் உலோகக் கலவைகளை ஆராயும் நாங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். 2020இல் இந்த வழியில் 10 கோடி அணுக்கள் வரை போய்விட்டார்கள்.

அலாயில் சிக்கல் வேறு. குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஐந்தும் சம அளவில் கலந்த கலவையை எடுங்கள். ஓர் அணுவைச் சுற்றி மிக அருகில் 12 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஏதோ ஒன்று உட்காரலாம். மொத்தம் 24 கோடிக்கு மேற்பட்ட அமைப்புகள். சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தாலும் 50 லட்சத்துக்குக் குறையாது. அத்தனையையும் யார் காட்டுவது? நல்லவேளை, காட்ட வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நெட்வொர்க்கை மாதிரி என்போம்; பார்த்த ஒன்றைப் போல இருப்பதை அந்த மாதிரி ஊகித்துவிடும். எதைக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை, ஒழுங்கான படிகங்களை மட்டும் லேசாகக் குலுக்கிக் காட்டிப் பயிற்சி கொடுத்தேன். ஆற்றலில் சராசரிப் பிழை அணுவுக்கு ஓரிரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான், மிகச் சிறியது. ஏகப்பட்ட மகிழ்ச்சி! அப்புறம் உருக்கிப் பார்த்தேன். திரவத்தில் இரண்டு அணுக்கள் தற்செயலாக நெருங்கின. அவற்றை விலக்கியிருக்க வேண்டிய என் மாதிரியோ, இன்னும் நெருங்கு என்றது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன, வெப்பநிலை எகிறியது, பெட்டியிலிருந்த மற்ற அணுக்களும் சிதறிப் போயின. அவ்வளவு நெருக்கத்தை அது கண்டதே இல்லை. தெரியாது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

சரி, என்ன செய்தேன்? ஒரே தரவில் நான்கு மாதிரிகளைத் தனித்தனியாகப் பயிற்றுவித்து, நான்கின் பதிலும் ஒத்துப்போகாத இடத்தில் ஓட்டத்தை நிறுத்தினேன். அந்த அமைப்புக்கு மட்டும் குவாண்டம் கணக்கைப் போட்டு, பயிற்சியில் சேர்த்து, மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. மறுபடி சேர்த்தேன். கடைசியில் பார்த்தால் சராசரிப் பிழை முன்பைவிடக் கூடியிருந்தது. திரவம் ஓடியது.