வீடன் கிடங்கு: துப்பாக்கி இருந்த வீடும் சிப்பாய் இருந்த வீடும்

அனைவருக்கும் வணக்கம்.

போர் வரலாறு என்றதும் நம் மனம் நேரே போர்க்களத்துக்குப் போய்விடுகிறது. எந்தத் தளபதி எந்த மேட்டைப் பிடித்தார், எந்தப் பக்கம் உடைந்தது என்று பேசுகிறோம். அந்தச் சிப்பாயின் கையில் இருந்த துப்பாக்கி எங்கே கிடந்தது, அதற்கு வெடிமருந்து எந்த வழியாக வந்தது, அவன் முதல் நாள் இரவு எந்தக் கூரையின் கீழ் படுத்திருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. எந்த எதிரியும் வந்து முற்றுகை போடாத ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நார்த்தாம்ப்டன்ஷையர் மாவட்டத்தில் இருக்கும் வீடன் பெக் என்ற ஊர். அங்கே ஓர் ஆயுதக் கிடங்கு. அதற்கு மேலே மேட்டில் ஒரு பாரக்ஸ், அதாவது சிப்பாய்கள் தங்கும் குடியிருப்பு.

முதலில், அது ஏன் அங்கே வந்தது என்பதைப் பார்ப்போம். 1802இல் அமியென் உடன்படிக்கையால் பிரான்ஸும் பிரிட்டனும் சமாதானமாகின. ஓராண்டு தாண்டியதும் அது உடைந்தது. 1803 மே மாதம் மறுபடி போர். நெப்போலியன் ஆங்கிலக் கால்வாயின் அந்தக் கரையில், பூலோனில், பெரும் படையைத் திரட்டத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஆயுத இருப்போ லண்டனைச் சுற்றியே இருந்தது. லண்டன் டவரில் துப்பாக்கி, வூலிச்சில் பீரங்கி, பர்ஃப்ளீட்டில் வெடிமருந்து. மூன்றுமே தேம்ஸ் ஆற்றங்கரை. வூலிச்சும் பர்ஃப்ளீட்டும் லண்டனுக்கும் கீழே, கடலை நோக்கிய பக்கத்தில். எதிரி ஆற்று வழியாக உள்ளே நுழைந்துவிட்டால் தலைநகருக்கு முன்பே ஆயுதம் போய்விடும்.

அதனால் 1803இலேயே நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு வீடனில் நிலத்தை வாங்கினார்கள். எந்தக் கடற்கரையிலிருந்தும் வெகுதூரம். ரோமானியர் காலத்து வாட்லிங் தெரு ஊர் வழியாகவே போகிறது. அதைவிட முக்கியம், கிராண்ட் ஜங்ஷன் கால்வாய். லண்டனிலிருந்து வடக்கே போகும் அந்த நீர்வழி 1805இல் முழுமையாக இணைந்தது. வேறு கால்வாய்களைத் தொட்டுக்கொண்டு பர்மிங்ஹாம் வரை படகு போகும். பர்மிங்ஹாம்தான் அன்றைய துப்பாக்கிப் பட்டறை. 1804 முதல் 1815 வரை அந்த ஒரு நகரம் மட்டும் அரசுக்கு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது.

இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் பெயர் நம்மோடு சம்பந்தப்பட்டது. ‘இந்தியா பேட்டர்ன்’. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்ய வைத்த மாதிரி அது. அதுவரை பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த துப்பாக்கியின் குழல் 42 அங்குலம். கம்பெனியுடையது 39. செய்ய எளிது, செலவும் குறைவு. 1793இல் பிரான்ஸோடு போர் மூண்டபோது அரசிடம் போதுமான துப்பாக்கி இல்லை. கம்பெனிக்காகச் செய்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்த மாதிரியையே ராணுவத்துக்கும் நிர்ணயித்துவிட்டார்கள். இந்தியாவில் நாடு பிடிக்க உருவான ஆயுதம்தான் நெப்போலியனை எதிர்த்த ஆயுதமும். வெடிமருந்திலும் இதே கதை. அதில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. அதில் பெரும்பகுதி பீகார், வங்காளப் பகுதியிலிருந்து கம்பெனிக் கப்பலில் போனது. ஆக, இங்கிலாந்தின் நடுவில் கட்டிய கிடங்காக இருந்தாலும் அதன் வேர் இந்த மண்ணிலும் கொஞ்சம் ஓடுகிறது.

சரி, கிடங்குக்குள் போவோம்.

பெரிய கால்வாயிலிருந்து ஒரு கிளையை வெட்டி வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். சுற்றிலும் உயரமான மதில், மூலைகளில் காவல் கொத்தளம். கால்வாய் நுழையும் இடத்தில் வாயில் கட்டடம். அதன் அடியில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இரும்பு அடைப்பு ஒன்று. படகு வந்தால் மேலே தூக்குவார்கள், உள்ளே போனதும் இறக்கிவிடுவார்கள். பழைய கோட்டை வாசலில் தரையில் இறங்கும் அடைப்பு இங்கே தண்ணீரில் இறங்கியது. உள்ளே கால்வாயின் இந்தக் கரையில் நான்கு, அந்தக் கரையில் நான்கு என்று எட்டுச் செங்கல் கிடங்குகள், தண்ணீரைப் பார்த்தபடி. படகை நிறுத்தி, சரக்கைத் தூக்கி நேரே உள்ளே வைக்கலாம். வண்டி வேண்டாம், மாடிவரை ஆள் சுமக்கவும் வேண்டாம்.

அதைத் தாண்டி மேற்கே இன்னொரு வாயில், இன்னொரு அடைப்பு. அதற்கப்பால் தனி மதிலுக்குள் வெடிமருந்துக் கிடங்குகள். எனக்கு இந்த வளாகத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு மருந்து அறைக்கும் அடுத்த மருந்து அறைக்கும் நடுவில் அதே போன்ற ஒரு கட்டடம் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு கிடங்கு என்றே தோன்றும். உள்ளே எதையும் வைக்க முடியாது. முழுக்க மண்ணைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஓர் அறை வெடித்தால் அந்த அதிர்ச்சியை மண் வாங்கிக்கொள்ளும், பக்கத்து அறைக்குப் போகாது. மண்ணுக்காக ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள் என்றால், விபத்து நடக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு திட்டமிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அக்காலத்து மருந்து அறைகளில் எப்படி வேலை செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து வரும் பீப்பாய் ஒவ்வொன்றிலும் சுமார் 40 கிலோ. பாதை வழியே வண்டியில் கொண்டுபோனால் குலுங்கிக் குலுங்கித் தூள் சிந்தும். குதிரை லாடம் கல்லில் உரசினால் பொறி பறக்கும். அதனால் முடிந்தவரை தண்ணீர் வழிதான். அறைக்குள் இரும்புக்கே இடமில்லை. கீல், பூட்டு, ஆணி எல்லாம் செம்பு அல்லது பித்தளை. உள்ளே போகிறவர் ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெடியுப்பு ஈரத்தை உறிஞ்சும், அடியில் தங்கும். அதனால் பீப்பாய்களை அடிக்கடி புரட்டி வைப்பார்கள். சுவரில் காற்றுத் துளை உண்டு, ஆனால் நேராக இருக்காது. சுவருக்குள்ளேயே வளைந்து போகும். காற்று உள்ளே வரலாம், பொறி நேராகப் பாய முடியாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தூளுக்குக் காற்றோட்டம் வேண்டும், ஈரம் ஆகாது என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள்.

அங்கே குதிரைப்படைக்கும் குதிரை பூட்டிய பீரங்கிப் படைக்குமாகப் பாரக்ஸ் கட்டினார்கள். கூடவே பெவிலியன் என்று மூன்று பெரிய வீடுகள். நெப்போலியன் வந்தால் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் இங்கேதான் வந்து தங்குவார், அதற்காகக் கட்டியது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் கிடங்கின் மூத்த அதிகாரிகள் குடியிருக்கக் கட்டியவை அவை. மன்னர் வரவேண்டிய தேவையும் எழவில்லை. 1805 அக்டோபரில் டிரஃபால்கரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகள் தோற்றதோடு கடல் தாண்டி வரும் பயம் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

பாரக்ஸ் என்பதே இங்கிலாந்தில் அப்போது புதிது. அதற்கு முன்பு சிப்பாய்களைச் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும் பிரித்துத் தங்கவைப்பார்கள். அந்தச் செலவும் தொல்லையும் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. நாட்டுக்குள்ளேயே படையைக் கூட்டமாகக் குடிவைத்தால் மன்னர் மக்கள்மேல் ஏவிவிடுவார் என்ற அச்சமும் நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அரசின் கவலை வேறு திசைக்குத் திரும்பியது. சத்திரத்தில் இருக்கும் சிப்பாய் ஊர் மக்களோடு உட்கார்ந்து புரட்சி பேசிவிடுவானோ என்று பயந்தார்கள். 1792இல் பாரக்ஸ் கட்டுவதற்கென்றே ஒரு துறை தொடங்கியது. அவசர அவசரமாக நாடெங்கும் கட்டினார்கள். மக்களிடமிருந்து சிப்பாயைப் பிரித்து வைப்பது முதல் நோக்கமாக இருந்த கட்டடத்தில், அவன் உடம்புக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

அந்த நாட்களில் ஒரு பாரக்ஸ் அறை எப்படி இருக்கும்? 1820கள் வரை தனிக் கட்டில் பெரும்பாலும் கிடையாது. மரப்பெட்டி போன்ற படுக்கையில் இருவர் சேர்ந்து படுப்பார்கள். தூங்குவதும் சாப்பிடுவதும் துப்பாக்கி துடைப்பதும் ஒரே அறையில். இரவில் சிறுநீர் கழிக்க அறைக்குள்ளேயே ஒரு மரத்தொட்டி, விடியும்வரை அங்கேயே இருக்கும். நூறு பேருக்கு ஆறு பேர் என்ற கணக்கில்தான் மனைவியை உடன் வைத்துக்கொள்ள அனுமதி. அந்தக் குடும்பமும் அதே அறையின் ஒரு மூலையில், கம்பளியைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருக்கும். குழந்தை பிறப்பதும் அந்தத் திரைக்குப் பின்னால்தான். உணவு நாளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, முக்கால் பவுண்டு இறைச்சி. சமைக்க இரண்டு செம்புப் பானைகள்தான், அதனால் ஆண்டு முழுவதும் வேகவைத்த இறைச்சி. குளிர் உள்ளே வராமல் சிப்பாய்கள் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுப்புக்குக் கொடுத்த நிலக்கரி அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பீப்பாய்க்குக் காற்று எப்படி வரவேண்டும் என்று வளைத்து வளைத்துச் சுவர் கட்டத் தெரிந்த அரசுக்கு, மனிதன் படுக்கும் அறைக்குக் காற்று வேண்டும் என்று தெரிய இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தெரிந்துகொள்ள ஒரு போர் தேவைப்பட்டது.

அது ரஷ்யாவை எதிர்த்து 1854இல் பிரிட்டன் இறங்கிய கிரிமியப் போர். அதுவரை பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் பொருள் கொடுக்கும் வேலை பல கைகளில் சிதறிக் கிடந்தது. துப்பாக்கி, பீரங்கி, மருந்து எல்லாம் ஆர்ட்னன்ஸ் வாரியத்திடம். அது ராணுவத் தலைமைக்குக் கட்டுப்படாத தனி அமைப்பு, வீடன் அதன் சொத்து. உணவும் வண்டியும் கமிசேரியட் என்ற துறையிடம், அது கருவூலத்துக்குக் கீழே. சீருடை அந்தந்த ரெஜிமென்ட் கர்னலின் பொறுப்பு. அதற்கென்று வரும் பணத்தில் மிச்சம் பிடித்தால் அது கர்னலுக்கே. ஒவ்வொருவருக்கும் ஒரு கிடங்கு, ஒரு பேரேடு. அமைதிக் காலத்தில் இது ஓடிவிட்டது.

கிரிமியாவில் பிரிட்டிஷ் படைக்குப் பொருள் வந்து இறங்கிய பலக்லவா துறைமுகத்தில் ஓடவில்லை. முகாம் சில மைல் தூரம்தான். ஆனால் பாதை சேறு, வண்டி இல்லை, மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி இல்லை. துறைமுகத்தில் பொருள் அழுக, மேட்டில் ஆட்கள் பட்டினி கிடந்தார்கள். காப்பிக்கொட்டை வந்தது, வறுக்காத பச்சைக்கொட்டையாக. வறுக்கவும் விறகில்லை. 1854 நவம்பர் 14 புயலில் ‘பிரின்ஸ்’ என்ற கப்பல் மூழ்கியபோது குளிர்கால உடைகளும் அதோடு போயின. போரில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. 1855 தொடக்கத்தில் அரசாங்கமே கவிழ்ந்தது. அதே ஆண்டு ஆர்ட்னன்ஸ் வாரியத்தைக் கலைத்தார்கள்.

வீடனுக்கு அதனால் புது வேலை வந்தது. கர்னல்களிடமிருந்து சீருடை அரசின் கைக்கு வந்ததும், துப்பாக்கி இருந்த இடத்தில் பூட்ஸும் கோட்டும் வந்து குவிந்தன. பழைய முறையில் பழகிய கணக்கு அந்த அளவைத் தாங்கவில்லை. 1858இல் கிடங்கின் தலைமைப் பொறுப்பாளர் நாட்டைவிட்டே போய்விட்டார். வீடன், வூலிச், டவர் மூன்றின் இருப்பையும் கணக்கையும் விசாரிக்க அரசே ஓர் ஆணையத்தை அமைத்தது. கிடங்கின் வலிமை மதிலில் இருப்பதாகவே அதுவரை நினைத்திருந்தார்கள். எதிரியால் நுழைய முடியாத மதிலுக்குள்ளிருந்து கணக்கு நழுவிப் போயிருந்தது. ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர்கள் இந்த அவையில் இருந்தால் நான் சொல்வது உடனே புரியும். இருப்புக்கும் பேரேட்டுக்கும் வித்தியாசம் வருகிற நாளின் வயிற்றுக்கலக்கம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

அதே காலத்தில்தான் பாரக்ஸ் பக்கமும் வெளிச்சம் விழுந்தது. முன்பு போர்த்துறை அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் 1857இல் அமைந்த ஆணையம் நாட்டின் பாரக்ஸ்களையும் ராணுவ மருத்துவமனைகளையும் ஆராய்ந்தது. புள்ளிவிவரங்களின் பின்னால் இருந்தவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளிகளுக்கு அருகில் விளக்கோடு போனவராகவே நாம் அவரை அறிவோம். அவருடைய பெரிய வேலை மேசைமேல், எண்களோடு நடந்தது. அமைதிக் காலத்தில், உள்நாட்டில், பாரக்ஸில் இருந்த சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 17 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வயது பொதுமக்களில் 9 சொச்சம். உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த இளைஞர்கள், ஊரில் இருப்பவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் காசநோய். குதிரையோடு வெளியில் உழைத்த குதிரைப்படையினரில் இறப்பு காலாட்படையைவிடக் குறைவு. காரணம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வித்தியாசமே காட்டிவிட்டது. ஒரு சிப்பாய்க்கு 600 கன அடி இடமாவது வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஜன்னல், வடிகால், சமையலறை, கழிப்பறை என்று ஒவ்வொன்றாக மாறின, இறப்பும் இறங்கியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1838இலேயே லண்டன்–பர்மிங்ஹாம் ரயில் பாதை கிடங்குக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் வந்துவிட்டது. மெல்ல மெல்லப் படகின் வேலையை ரயில் எடுத்துக்கொண்டது. இரண்டு உலகப் போர்களிலும் வீடன் சிறு ஆயுதக் கிடங்காகவே இருந்தது. போர்களுக்கு நடுவில் மேட்டு பாரக்ஸில் ராணுவக் குதிரையேற்றப் பள்ளி நடந்து பெயர் பெற்றது. குதிரையின் இடத்துக்கு எஞ்சின் வந்ததும் அதுவும் நின்றது. 1965இல் ராணுவம் கிடங்கை மூடியது. பாரக்ஸும் பெவிலியன்களும் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். எட்டுக் கிடங்குகளும் மருந்து அறைகளும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக நிற்கின்றன. கடைகளும் சிறு தொழில்களும் உள்ளே நடக்கின்றன.

இங்கிலாந்தில் படிக்கவோ வேலைக்கோ போகிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம். போனால் வாயில் கட்டடத்தோடு திரும்பிவிடாமல், மேற்குக் கோடிவரை நடந்து, மண் நிரப்பிய அந்தக் கட்டடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எது மருந்து அறை, எது மண் வீடு என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். நன்றி.