ஓடாத பம்ப்பில் பேரிங் போவது எப்படி?

[காட்சி: ஒரே மேடையில் இரண்டு பம்ப். ஒன்று ஓடுகிறது, மற்றொன்று நிற்கிறது.]

இடது பக்கம் இருக்கிற பம்ப் மாசக்கணக்கா ஓடுது. வலது பக்கம் இருக்கிறது ஸ்டாண்ட்பை, சுவிட்சே போடல. ஆனா அவசரத்துக்கு அதைப் போட்ட அன்னைக்குக் கரகரன்னு சத்தம். ஓடாத பேரிங் எப்படிங்க தேயும்?

[காட்சி: பிரித்த பேரிங். விரல் நுனியில் செம்பழுப்புத் தூள்.]

ரேஸ்ல, அதாவது பேரிங்கோட இரும்புக் குண்டுகள் உருள்ற வளையத்துல, வரிசையா பள்ளம் தெரியுதா? குண்டுகளுக்கு நடுவுல என்ன இடைவெளியோ, பள்ளங்களுக்கும் அதே இடைவெளி. இந்தத் தூளைப் பார்த்ததும் தண்ணி இறங்கிடுச்சுன்னு, அதைத் தடுக்கிற ‘சீல்’ மேல குத்தம் சொல்லிடுவோம். ஆனா இதுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூட வேண்டாம்.

பக்கத்து பம்ப்போட அதிர்வு மேடை வழியா இங்க வருது. குண்டு உருளாம, நின்ன இடத்துலயே மைக்ரான் கணக்குல முன்னும் பின்னும் ஆடுது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினா ஒரு பங்குதான் மைக்ரான். குண்டு நல்லா உருண்டாத்தான் கிரீஸ் திரும்ப உள்ள வரும். இந்தச் சின்ன ஆட்டத்துல அது ஓரமாப் பிதுங்கி, அங்கேயே தங்கிடும். அப்புறம் இரும்பும் இரும்பும் நேரா உரசி, ஒட்டி, பிய்யும். பிஞ்ச துணுக்கு ரொம்பப் பொடிசு, காத்து பட்டதுமே ஆக்சைடாகிடும். இரும்பைவிட அதிக இடம் அடைக்கிற அந்தத் தூள், வெளிய போக வழியில்லாம உப்புத்தாள் மாதிரி அறுத்துக்கிட்டே இருக்கும்.

இதுக்குப் பேர் ஃப்ரெட்டிங் கரோஷன். பேரிங்ல வந்தா ஃபால்ஸ் பிரினெல்லிங், அதாவது பொய்யான பிரினெல் பள்ளம். பிரினெல், குண்டை அழுத்தி உலோகத்தோட கடினத்தை அளந்த ஸ்வீடன் பொறியாளர். சம்மட்டி அடி விழுந்து வர்ற நிஜப் பள்ளத்துல, அடியில, தயாரிக்கும்போது விழுந்த கிரைண்டிங் கோடு அப்படியே இருக்கும். இதுல தேய்ஞ்சு அழிஞ்சிருக்கும். லென்ஸ் வெச்சுப் பாருங்க, குழப்பமே வராது.

[காட்சி: சரக்கு ரயிலில் பழைய கார்கள்.]

1930-கள்ல அமெரிக்காவோட டெட்ராய்ட்ல இருந்து ரயில்ல போன புத்தம்புது கார்கள், இறங்கும்போதே வீல் பேரிங் சத்தத்தோட இறங்கின. ஒரு மைல்கூட ஓடாத கார்! வழி முழுக்க ரயிலோட ஆட்டத்துலயே குண்டுகள் ரேஸைத் தேய்ச்சிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் ஜான் ஆல்மென் 1937-ல இதைப் பத்தி எழுதினார்.

[காட்சி: ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு.]

ரெண்டு பம்ப்பையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. முடியலைன்னா மெயின் கரண்ட்டை அணைச்சுட்டு, வாரம் ஒருமுறை ஸ்டாண்ட்பை பம்ப்போட ஷாஃப்ட்டைக் கையால சில சுத்து சுத்துங்க. சாக்பீஸ் கோடு போன வாரம் நின்ன இடத்துல திரும்ப நிக்க வேண்டாம்.