புழுதியில் விதைத்தவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கொலு பார்த்த கையோடு வீட்டுக்குப் போகாமல் இந்த நேரம் வரை உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாழ்க்கையில் வெற்றிக்குப் பெரிதும் துணை நிற்பது திறமையா, நேர்மறை எண்ணமா என்பது இன்றைய தலைப்பு. நேர்மறை எண்ணமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "நீச்சல் தெரியாதவன், 'என்னால் முடியும், என்னால் முடியும்' என்று சொல்லிக்கொண்டே கிணற்றில் குதித்தால் கரையேறுவானா?" என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன்.

ஆனால் அண்ணே, நீங்கள் நீச்சல் கற்றுக்கொண்டது எங்கே? தரையிலா? இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கிணற்றில்தானே கற்றுக்கொண்டோம். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கயிற்றின் மறுநுனியை மாமாவோ சித்தப்பாவோ பிடித்துக்கொண்டு, "இறங்குடா, நான் இருக்கேன்" என்பார்கள். அந்த முதல் நாளில் யாருக்கு நீச்சல் தெரிந்திருந்தது? திறமை என்று சொல்ல ஒரு துளி கிடையாது. வந்துவிடும் என்ற எண்ணம் இருந்தது. கயிறும் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. கரையேறுவோம் என்று நம்புகிறவன்தான் கயிறு கேட்பான். கடைசிப் படிக்கட்டு வரை வந்து, நடுங்கித் திரும்பி ஏறிப்போன பையனுக்கும் அதே கைதான், அதே கால்தான். அவனுக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது.

திண்ணையில் சாய்ந்துகொண்டு "எல்லாம் நல்லதே நடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் நேர்மறை எண்ணம் என்று எதிரணி வைத்துக்கொண்டு பேசுகிறது. அப்படியானால் அது தோற்க வேண்டியதுதான், நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் நான் கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். புழுதி விதைப்பு.

இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கால்வாய்ப் பாசனம் உள்ள ஊரில் தண்ணீரைப் பார்த்துவிட்டு விதைக்கலாம். மழையை மட்டுமே நம்பிய மானாவாரியில் அது நடக்காது. மழை விழுந்த பிறகு ஏரைத் தேடினால், கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொண்டு மாட்டை நகரவிடாது. மண் பதமாகிற நேரத்துக்குள் பருவம் ஓடிவிடும். அதனால் புரட்டாசியில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாதபோது, காய்ந்த புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் போட்டுவிட்டு வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. கொஞ்சம் ஆழமாகப் போடுவார்கள். லேசான தூறலுக்கு விதை ஏமாந்து முளைத்துவிட்டால், அடுத்து வரும் வெயிலில் கருகிப்போகும். அந்த ஆழம் வரை நனைக்கிற நல்ல மழை வந்தால்தான் முளைக்க வேண்டும் என்பது கணக்கு. எறும்பு இழுக்கும், எலி தின்னும், காடை கிளறும், எல்லாம் தெரியும். தெரிந்தேதான் விதைப்பார்கள். மழை வரும் என்கிற எண்ணமும், வராவிட்டால் என்ன செய்வது என்கிற யோசனையும் ஒரே தலைக்குள் இருக்கும்.

நான் ஏழாவது படித்தபோது எங்கள் அய்யா விதைத்த விதை முழுக்க வீணானது. ஒரு பொய் மழை பெய்து, பச்சைப்பசேல் என்று முளைத்து, பத்து நாளில் சருகாகிவிட்டது. அன்றைக்கு அவர் காட்டுக்குள் நின்று ஒரு செடியைப் பிடுங்கி, வேரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவிடம் கடன் வாங்கி மறுவிதை வாங்கிக்கொண்டு வந்தார். ஐப்பசியில் மழை பிடித்தது. பக்கத்துக் காட்டுக்காரரும் அய்யாவுக்குச் சமமான விவசாயிதான். சொல்லப்போனால் அய்யாவுக்கே யோசனை சொல்லுகிறவர். அந்த வருஷம் "இனிமே என்னத்த" என்று விட்டுவிட்டார். அவர் காட்டில் வெறும் கோரை. திறமை இரண்டு பேரிடமும் ஒன்றுதான் நடுவர் அவர்களே. விதை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. அந்த விதையைத் தானியக் குலுக்கையிலிருந்து எடுத்துப் புழுதியில் போட வைப்பது எது என்றுதான் கேட்கிறோம்.

இதே கரிசலில், எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில், 1918-ல் ஒருவர் பிறந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. ஆற்று மணலைத் தரையில் பரப்பி, விரலால் எழுதிப் படித்த பிள்ளை அவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து வளர்ந்ததால், பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். எதிரணி சொல்லும் திறமை அவரிடம் நிறையவே இருந்தது.

முப்பது வயதில் முடக்குவாதம் வந்தது. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, ஒரு வருஷத்துக்கும் மேலாகப் படுத்த படுக்கை. எழுந்தபோது விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. பேனா பிடிக்க முடியவில்லை. அந்தக் கட்டிலை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். படித்த படிப்பு தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைச் செய்து காட்ட வேண்டிய விரல் போய்விட்டது. எதிரணி நண்பர்களே, திறமைதான் வெற்றி தரும் என்றால், அந்தக் கட்டிலில் திறமை என்ன செய்துகொண்டிருந்தது? அதுவும் அவரோடு சேர்ந்து படுத்துத்தான் கிடந்தது.

அவர் எழுந்தார். பிரசவம் பார்க்க இந்தக் கை உதவாது என்று தெரிந்ததும் கண் மருத்துவத்துக்கு மாறினார். இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தன் கைக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டார். மணிக்கணக்கில் பழகினார். அந்த விரல்களால் ஒரே நாளில் 100 கண் அறுவை வரை செய்யும் அளவுக்கு வந்தார். வாழ்நாளில் அவர் கையால் செய்தது மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். இந்தக் கையால் முடியாதது எது என்று ஒரு முறை கேட்டிருப்பார். முடிவது எது என்று ஒவ்வொரு நாளும் கேட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்தோடு வீட்டில் இருந்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். அதில் 6 படுக்கை பணம் கட்ட முடியாதவர்களுக்கு. வங்கிக் கடன் கிடைக்கவில்லை. குடும்பத்தார் நகையை அடகு வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அதையும் மதுரையிலேயே செய்ய 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலை வந்தது. 11 படுக்கை போடும்போது எந்த மேகம் தெரிந்தது? அவ்வளவும் புழுதி விதைப்பு.

எங்கள் ஆச்சி கண் முகாமுக்குப் போய்விட்டு வந்தவர். கறுப்புக் கண்ணாடி கழற்றிய பிறகு முதல் வேலையாகச் சுளகை எடுத்து வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினார். அதுவரை விரலால் தடவித் தடவிப் பொறுக்கியவர், அன்றைக்குப் பார்த்துப் பொறுக்கினார். யாரிடமும் சுளகைக் கொடுக்கவில்லை.

சரி, இதெல்லாம் மனசைத் தொடுகிற கதை, கணக்கு எங்கே என்று கேட்பீர்கள். கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 1980-களில் மெட்லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். வழக்கமான திறமைத் தேர்வில் தவறியவர்களிலிருந்து, நம்பிக்கை மனப்பான்மை அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கி வேலையில் சேர்த்தார்கள். தேர்வில் தேறியும் அவநம்பிக்கையோடு இருந்தவர்களை விட இவர்கள் முதல் வருஷம் 21 சதவீதம், இரண்டாம் வருஷம் 57 சதவீதம் அதிகமாக விற்றார்கள். காரணம் நமக்கே தெரியும். பாலிசி வேண்டாம் என்று பத்து வீட்டில் சொன்ன பிறகு பதினோராவது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தேர்வில் வாங்கிய மார்க்கா தட்டும்?

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை எல்லாருக்கும் தெரியும். ஐந்து வயதில் வலது கால் மேல் பேருந்து ஏறிச் சிதைந்தது. உடல் குறையில்லாத பையன்களோடு உயரம் தாண்டுதலில் போட்டியிட்டு 14 வயதில் இரண்டாம் இடம் வந்தார். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம். அவருக்குள் உயரம் தாண்டும் திறமை இருந்தது உண்மை. அந்தக் காலோடு மைதானத்துக்குப் போன முதல் நாளில் அது இருப்பது யாருக்குத் தெரியும்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். இன்றைக்குச் சாயங்காலம் இந்த மேடைக்கு வரும் வழியில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலை ஓரக் காட்டில் ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் ஏர் ஓட்ட, அந்த அம்மா மடியிலிருந்து எடுத்துச் சாலில் போட்டுக்கொண்டே வந்தார். முழங்கால் வரை புழுதி. வானம் வெறிச்சென்று கிடந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.