ஆலை மூடிய நிலத்தில் முதல் செலவு யாருடையது?

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். பழைய தண்டவாளங்கள், காலியான கிடங்குகள், நடுவே புதர்.]

வணக்கம். பெருநகரத்தின் நடுவே, இரண்டு பெரிய ரயில் நிலையங்களை ஒட்டி 67 ஏக்கர் நிலம். வீடு கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடும் ஊரில் இப்படி ஓர் இடம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது என்றால் நம்ப முடிகிறதா? லண்டனின் கிங்ஸ் கிராஸில் கிடந்தது.

கட்ட ஆள் இல்லாமல் இல்லை. வருமானம் வரத் தொடங்கும் முன்பே கொட்ட வேண்டிய பணத்தை யார் போடுவது என்பதுதான் சிக்கல். ஆலை மூடிய நிலம் எந்த நாட்டில் இருந்தாலும் பேச்சு முதலில் இங்கேதான் முட்டி நிற்கும்.

[காட்சி: துளையிடும் எந்திரம். குழாயிலிருந்து எடுத்த கருநிற மண்.]

மண்ணிலிருந்து தொடங்குவோம். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த இடத்தைத் தோண்டினால் தார் வரும், சயனைடு கலந்த கழிவும் வரும். உலோகப் பட்டறை இருந்த இடமென்றால் ஈயம், ஆர்செனிக், குரோமியம். அங்கங்கே துளை போட்டு மண் எடுத்துச் சோதிப்பார்கள். ஆனால் அந்தச் சோதனை துளை விழுந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். இரண்டு துளைகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும் பழைய தார்த் தொட்டி, எந்திரம் இறங்கித் தோண்டும்போதுதான் தலைகாட்டும். போட்ட பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரி தொட்டிதான்.

இதனால் வங்கி தயங்கும். வாங்க வருகிற டெவலப்பர் தன் பயத்தையெல்லாம் கணக்குப் போட்டு நிலத்தின் விலையில் கழிப்பார். ‘இவ்வளவு அடிமாட்டு விலைக்கா?’ என்று உரிமையாளர் கொடுக்க மாட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நிலம் மட்டும் அப்படியே கிடக்கும்.

கிங்ஸ் கிராஸில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்குப் பிடித்தது. நிலம் இரண்டு பேருடையது. ஒன்று, பின்னாளில் அரசு உடைமையான லண்டன் அண்ட் கான்டினென்டல் ரயில்வேஸ். இன்னொன்று, டிஎச்எல் சரக்கு நிறுவனம். இவர்கள் முதலிலேயே நிலத்தை விற்றுவிட்டு ஒதுங்கவில்லை. ஆர்ஜென்ட் என்ற டெவலப்பரைத் தேர்ந்தெடுத்து, திட்டம் போடும் வேலையை ஒப்படைத்தார்கள். உள்ளாட்சி அமைப்பான கேம்டன் கவுன்சில் 2006இல் அனுமதி கொடுத்தது. 2008இல் மூவரும் கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். ஆர்ஜென்டுக்குப் பாதி, ரயில்வேஸுக்கு 36.5 சதவீதம், டிஎச்எல்லுக்கு 13.5 சதவீதம்.

இதில் என்ன விசேஷம்? நிலம் கொடுத்தவர்களின் பங்கும் பணம் போட்டவரின் பங்கும் சரிபாதி. யாரும் முதல் கட்டடத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டு கிளம்ப அவசரப்படவில்லை. இடத்தின் மதிப்பு இருபது வருடம் கழித்து ஏறினாலும் எல்லோருக்கும் லாபம் என்பதால், வாடகையே தராத சதுக்கத்துக்கும் தெருவுக்கும் முதலில் செலவு செய்ய மனம் வந்தது.

[காட்சி: 1852ஆம் ஆண்டின் தானியக் கிடங்கு. வாசலில் மாணவர்கள்.]

முதலில் குடிவந்த பெரிய நிறுவனம் எது தெரியுமா? வங்கி அல்ல, ஒரு கலைக் கல்லூரி. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் 2011இல் இந்தக் கிடங்குக்கு மாறியது. தினமும் மாணவர் கூட்டம் நடமாடினால் காபிக் கடை வரும், கடை இருந்தால் அலுவலகம் வரும். கூகுள் அதற்கப்புறம்தான்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்றும் செய்தார்கள். இடிபாடு அள்ளும் இரும்புத் தொட்டிகளில் மண் நிரப்பிக் காய்கறி வளர்த்தார்கள். அடுத்த கட்டடத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டால் தோட்டத்தையே தூக்கி வேறு மூலையில் வைத்துவிடலாம்!

2016இல் அரசு தன் பங்கை ஓர் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதிக்கு 37.1 கோடி பவுண்டுக்கு விற்றது. புதர் மண்டிக் கிடந்த காலத்திலேயே கைகழுவியிருந்தால் இந்தத் தொகை வந்திருக்காது.

அதற்காக எல்லாம் சொக்கத்தங்கம் இல்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளில் ஒரு பகுதி பின்னர் குறைக்கப்பட்டது. தெருக்கள் பார்க்கப் பொது இடம் போல இருந்தாலும் நிர்வாகம் தனியாருடையது. அங்கே நடந்து போகிறவர்களின் முகங்களை அடையாளம் காணும் கேமராக்கள் இருந்தது 2019இல் வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. கூட்டில் உட்காராத பங்காளி குடியிருப்பவர்தான் என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

[காட்சி: துருப்பிடித்த ஊதுலை. அதன் மேல் ஏறிப் பார்க்கும் மக்கள்.]

சரி, நிலத்தின் விலை ஏறவே வாய்ப்பில்லாத இடத்தில்? ஜெர்மனியின் ரூர் பகுதியில் சுரங்கமும் இரும்பாலையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. லண்டன் கணக்கு அங்கே செல்லாது. மாநில அரசே ஒரு நில நிதி உருவாக்கி, மாசுபட்ட இடங்களை வாங்கி, சுத்தம் செய்து, அப்புறம் விற்றது. அதாவது, தொட்டி பயத்தை அரசே சுமந்தது. ரூரில் ஓடும் எம்ஷர் ஆற்றை ஒட்டிய பகுதியைச் சீரமைக்க 1989 முதல் 1999 வரை நடந்த எம்ஷர் பூங்காத் திட்டத்தில் பல நகராட்சிகள் கைகோத்தன. டூயிஸ்பர்க்கில் 1985இல் அணைந்த ஊதுலையை இடிக்காமல் பூங்காவாக்கினார்கள். பழைய எரிவாயுக் கலத்தில் தண்ணீர் நிரப்பி, அதில் முக்குளிக்கப் பயிற்சி தருகிறார்கள்.

மும்பையின் பஞ்சாலை நிலங்களில் நடந்தது வேறு. 1991இல் வந்த விதி காகிதத்தில் அருமை. நிலத்தில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு அரசு வீட்டு வசதி வாரியத்துக்கு, ஒரு பங்கு ஆலை முதலாளிக்கு. 2001இல் திருத்தம் வந்தது. கட்டடம் நிற்கும் இடம் கணக்கில் வராது, காலி இடத்தை மட்டும் பிரித்தால் போதும் என்றார்கள். ஆலை வளாகத்தில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? நகரத்துக்கும் வாரியத்துக்கும் வரவேண்டிய பங்கு சுருங்கிப்போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. கிங்ஸ் கிராஸில் அரசின் பங்கு பங்குப் பத்திரமாக இருந்தது. மும்பையில் நகரத்தின் பங்கு வெறும் விதியாக இருந்தது, விதியைத் திருத்த ஓர் அரசாணை போதுமாயிற்று.