தானமாக வேண்டாம், விலைக்குத் தாருங்கள்

(கலை, பண்பாட்டு இதழின் வெளியீட்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, அரங்கைத் தந்து ஏர்கானையும் தாராளமாகவே போட்டிருக்கும் சமூக மன்ற நிர்வாகக் குழுவினரே, தமிழாசிரியப் பெருமக்களே, பிரியாணி வந்துவிட்டதா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க. போன விழாவில் பொருளாளரை விட்டுவிட்டு இரண்டு மாதம் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களின் வரலாறு ஒன்று, இளையர் எழுத்து இரண்டு, மூன்றாவது விலை.

1887இல் மகுதூம் சாயபு இங்கே 'சிங்கை நேசன்' நடத்தினார். 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். அப்போது அது வார இதழ், விலை ஒரு காசு. கவனியுங்கள், ஒரு காசுதான், ஆனால் இலவசம் இல்லை! "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். சும்மா வந்த இதழை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

என் கதையைச் சொல்கிறேன். வாலிப வயதில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் போட்டோம். முந்நூறு பிரதி. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து நாங்களே தாள்களை அடுக்கி ஊசி அடித்தோம். எல்லாருக்கும் இலவசம். எல்லாரும் "அருமை" என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால், ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது என் கவிதை! ஓடினேன். பூக்கார அக்கா அசரவில்லை. "யாரோ கட்டாப் போட்டுட்டுப் போனதாம் தம்பி. பழைய பேப்பர்காரர்கிட்ட ஒரு வெள்ளி கொடுத்து வாங்கினேன். நல்ல கெட்டித் தாள், ஈரம் தாங்குது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூணாம் பக்கத்துல 'பவளம்'னு வரவேண்டிய இடத்துல பள்ளி 'ள' இல்ல, பாத்தீங்களா?" என்றார்.

முந்நூறு பிரதி போட்டும் காசு கொடுத்து வாங்கியவர் அவர் ஒருவர்தான். பிழை சொன்னவரும் அவர் ஒருவர்தான். விலை கொடுத்தவர் பல்லைப் பிடித்துப் பார்த்தார்!

இளையர் எழுத்தைப் பற்றி... மணி அடித்துவிட்டார்கள். அதை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஆசிரியர் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்: மேடையில் இருக்கும் எங்களுக்குக்கூட அன்பளிப்புப் பிரதி வேண்டாம். தானம் கொடுத்த மாடாக எங்கள் வீட்டு அலமாரியில் கட்டிப் போடாதீர்கள். பிரமுகர்கள் மன்னிக்க வேண்டும், கைப்பேசியில் பணம் செலுத்தப் பேநவ் அட்டை வாசலில் இருக்கிறது.

நான் வரும்போதே சந்தா கட்டிவிட்டேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது. ஆசிரியர் அவர்களே, சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம். வணக்கம்.