ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

தலைவர் அவர்களே, இந்த மழையிலும் ராணிப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் தொழிலதிபர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய காட்பாடிப் பெரியவரே, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழில் நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். சிக்கனம் என்று சொல்லி எங்கே கை வைக்கிறார்கள், மென்பொருளில் பணம் எப்படி ஒழுகுகிறது, அதை நிறுத்த நாம் என்ன செய்யலாம். என் பாட்டி சொல்வார், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, பெயர் வேண்டாம். ஆர்டர் குறைந்ததும் முதலில் ஓவர்டைம் போனது, அப்புறம் சாயங்கால டீயும் பன்னும் போனது. காலையிலிருந்து தையல் மிஷினில் குனிந்தே கிடக்கும் பெண்கள் ஐயா அவர்கள், அந்த ஒரு டீக்குத்தான் நிமிர்வார்கள்! அங்கே கணக்குப் பார்க்கும் தங்கை ஒருத்தி சொன்னாள்: "அண்ணே, அதே வாரம் சாஃப்ட்வேர் சந்தா பில் வந்துச்சு, ஒரு கேள்வி இல்லாம கையெழுத்துப் போட்டாங்க." அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை, யார் யார் பெயரில் சந்தா கட்டுகிறோம் என்ற பட்டியலை எடுத்துச் சம்பளப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். வேலையை விட்டுப் போனவர்கள் பெயரிலெல்லாம் லைசென்ஸ் ஓடுகிறது, ரிட்டயர் ஆகி குடியாத்தம் போய்விட்ட ஸ்டோர்கீப்பர் பெயரிலும் ஒன்று, மீட்டிங் பேச மட்டும் மூன்று செயலிகள். மேனேஜரிடம் காட்டினால், "அது ஹெட் ஆபீஸ் ஒப்பந்தம்மா, நாம தொடக்கூடாது" என்றாராம். டீயைத் தொடலாம், இதைத் தொடக்கூடாதா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

இந்தச் சந்தாக்களில் பல, நாம் நிறுத்தச் சொல்லாவிட்டால் தானே புதுப்பித்துக்கொள்ளும். டாலரில் விலை பேசியிருந்தால் ரூபாய் சரியும்போதெல்லாம் பில் ஏறும்.

நான் ஊர் ஊராகச் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன், கட்டற்ற மென்பொருளுக்கு வாருங்கள், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று விட்டிருக்கும் மென்பொருளுக்கு. கம்ப்யூட்டரையே இயக்கும் லினக்ஸ் 1991-லிருந்து இருக்கிறது, கடிதம் அடிக்க, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் 2010-லிருந்து இருக்கிறது, தமிழிலேயே வேலை செய்யலாம், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள், நம் ஆபீசில் ஒரு கடிதம் அடிக்க மாட்டோமா? ஷூ டிசைன் செய்யும் மென்பொருளை மாற்றச் சொல்லவில்லை, அது தொழிலுக்கு வேண்டியது. கடிதத்துக்கும் கூட்டல் கழித்தலுக்கும் எதற்கு ஐயா தலைக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் கப்பம்?

தொழிலதிபர் ஐயாவிடம் உரிமையோடு கேட்கிறேன், நாளைக்கே உங்கள் ஆபீசில் அந்தப் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத லைசென்ஸை நிறுத்துங்கள், நிறுத்தின காசில் முதலில் டீயைத் திருப்பிக் கொடுங்கள். லிப்ரே ஆபீஸ் சொல்லித்தர நானும் இந்தப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறோம், ஒரு அறையும் நாலு கம்ப்யூட்டரும் போதும். வணக்கம்.